மணலில் எழுதிய விரல்: தொடக்கப் பள்ளிக் கருவிகளின் வரலாற்றில் சில பக்கங்கள்

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரைப் பெற்று ஓடிவரும் அடையாறு, குன்றத்தூரை அடுத்துள்ள நம் திருமுடிவாக்கத்தை ஒட்டிச் சென்று, அனகாபுத்தூரையும் சைதாப்பேட்டையையும் கடந்து, பிரம்மஞான சபையின் தோப்புகளுக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆற்றின் இந்தச் சிறிய பயணத்தை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் கருவிகளின் உலக வரலாற்றை எழுதுவோர் எவரும், இவ்வாற்றின் முகத்துவாரத்தையும், இதற்குச் சற்று வடக்கே உள்ள எழும்பூரையும் குறிப்பிடாமல் எழுத இயலாது. நம் வாயிற்படியில் நிகழ்ந்த வரலாறு அது. ஆனால் நம் ஊர்களில் ஆசிரியப் பணிபுரிவோரிலும் பலர் அதனை அறிந்திலர். பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என நண்பர்கள் கேட்டபோது, மன்னர்களையும் கோயில்களையும் விடுத்து, மணலையும் ஓலையையும் சிலேட்டையும் பற்றி எழுதத் துணிந்தது இதனால்தான்.

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். அப்பள்ளியின் முதற்கருவி மணல். ஐந்து வயதுச் சிறுவன் தரையில் அமர்ந்து, தனக்கு முன்னே பரப்பிய மணலில் சுட்டுவிரலால் ‘அ’ எழுதுவான். எழுதும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லுவான். கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுதுவான். கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒரே எழுத்தின்மீது ஒன்றுபட்டு உழைக்கும். பிழை செய்தால் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு தடவலில் பிழை மறைந்துவிடும். காசு செலவில்லை. இன்றும் விசயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம் அல்லவா? பழைய பள்ளியின் நாட்கணக்கான பயிற்சி, ஒரு நாள் சடங்காகச் சுருங்கி நம்மிடம் எஞ்சியிருக்கிறது. மறுநாளே குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்துவிடுகிறோம்.

மணலில் கை படிந்த பின்னரே ஓலை வரும். ஆசிரியர் எழுத்துகளைக் கீறிக்கொடுக்கும் மாதிரி ஓலைக்கு வரிச்சட்டம் என்று பெயர். அதன்மேல் எழுத்தாணியை ஓட்டி மாணவன் பழகுவான். ஓலையில் எழுதுவது எளிய செயலன்று. இடக்கை ஓலையைப் பற்றி நகர்த்த, வலக்கை எழுத்தாணியை நிறுத்திக் கீற வேண்டும். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குப் புலப்படாது. மஞ்சள், கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு, மாவிலைக் கரி ஆகியவற்றுள் கிடைத்ததைப் பூசி மையேற்றினால்தான் படிக்கத் தெளிவாகும்.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். இக்கட்டுரையின் பின்பகுதி இதனைச் சார்ந்தே நிற்கிறது. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ‘க’வும் ‘க்’கும் ஒரே வடிவம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. ஆகவே எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தால் ஓலை பொருள் தராது. படிக்கப்போகும் பாட்டு முன்னரே காதில் விழுந்து நெஞ்சில் தங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் கண் அதனை ஓலையில் அடையாளம் காணும். ஆத்திசூடியையும் எண்சுவடியையும் முதலில் மனப்பாடம் செய்வித்துப் பின்னர்ச் சுவடியைக் கொடுத்ததற்கு இது முக்கியமான ஒரு காரணம். நம் முன்னோரின் மனப்பாடத்தை அறியாமை எனப் பழிப்பவர்கள் ஓலையைக் கையில் எடுத்துப் பாராதவர்கள். அந்த ஊடகத்திற்கு அந்த முறையே பொருந்தும். உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் கல்வியைப் பற்றி எழுதியுள்ளதைப் படித்தவர்கள், மாலையில் வீடு திரும்பும் மாணவர்களுக்குப் பூ, பறவை, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்பி மறுநாள் காலையில் கேட்கும் வழக்கத்தை நினைவுகூர்வார்கள். நினைவாற்றல் அன்று ஒரு கருவியாகவே, மணலையும் ஓலையையும் போலப் பயிற்றப்பட்டது.

பள்ளியின் மற்றொரு கருவி உயிருள்ள கருவி: சட்டாம்பிள்ளை. முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஆசிரியர் ஒருவர், மாணவர் பல நிலையினர், வகுப்பு என்னும் பிரிவு இல்லை. அவரவர் நிலைக்கேற்ப அவரவர் பாடம்.

இப்பள்ளிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான அரசாங்கச் சான்று, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஆணையிட்டுத் திரட்டிய கணக்கு. 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். இக்கணக்கின் ஆவணங்களைத் தரம்பால் 1983இல் தொகுத்து வெளியிட்ட பிறகு, பழைய கல்வியைப் போற்றுவோர் தொகை பெருகியது. போற்றத்தக்கதே. ஆயினும் அதே கணக்கில் மற்றோர் எண்ணும் இருக்கிறது. பயின்றவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கும் அந்தத் திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. மணல் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது. திண்ணை அவ்வாறு இருக்கவில்லை. இதனை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது வரலாறாகாது.

பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை அக்கணக்கின் மணிமகுடம் எனலாம். அவர் கண்டவை கன்னட, தெலுங்குப் பள்ளிகள். எனினும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியை அறிந்தவர்களுக்கு அவ்வோவியம் அந்நியமாகத் தோன்றாது. அதிகாலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் பாராட்டுக்கு அடையாளமாகச் சரசுவதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. அடுத்தடுத்துத் தாமதித்து வருவோருக்குப் பிரம்படி ஒவ்வொன்றாகக் கூடுமாம். குறைந்த செலவில் எழுதக் கற்பிக்கும் திறத்தையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் கேம்பெல் மனமாரப் புகழ்கிறார். அதே மூச்சில் ஒரு குறையையும் சொல்லுகிறார். பாடமாக வைக்கப்பட்ட செய்யுள்களின் மொழி பேச்சுமொழியினின்று வேறுபட்டது. பிள்ளைகள் பொருள் தெரியாமலே ஒப்பிக்கிறார்கள். கைமாறி எழுதப்பட்ட ஏடுகளில் பிழைகள் மலிந்துள்ளன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்குறையை இன்றைய பள்ளி ஆய்வாளர் ஒருவரின் குறிப்பேட்டில் கண்டாலும் நாம் வியப்படைய மாட்டோம்.

மாணவரே கற்பிக்கும் முறை இங்கிலாந்தில் பின்பற்றப்படுவதையும் கேம்பெல் குறிப்பிடுகிறார். அது எவ்வாறு அங்கே சென்றது என்பதை அறிய எழும்பூருக்குச் செல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே பயின்றனர். ஆசிரியர்களோ ஊக்கமற்றவர்கள், எழுத்துக் கற்பிப்பதற்கே மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். ஒருநாள் காலையில் குதிரையில் சென்றுகொண்டிருந்த பெல், வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் மலபார் என்றே வழங்கினர் என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். பெல் தாம் தேடியது கிடைத்துவிட்டதென மகிழ்ந்து விடுதிக்கு விரைந்தார். கடைநிலை வகுப்புக்கு மணலில் எழுதக் கற்பிக்குமாறு ஆசிரியரைப் பணித்தார். அது ஆகாத காரியம் என ஆசிரியர் கைவிரித்தார். பெல் வாதாடவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃப்ரிஸ்கென் என்பவனை அழைத்து அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் ஆகாதென்றதைச் சிறுவன் செய்துகாட்டினான். மணலுக்குப் பின்னால் சட்டாம்பிள்ளையும் விடுதிக்குள் நுழைந்துவிட்டான்.

1796இல் பெல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல், சென்னை ஆண்பிள்ளைகள் விடுதியில் செய்த கல்விச் சோதனையை விவரித்தது. 1798இல் இலண்டனின் ஆல்ட்கேட் பகுதிப் பள்ளியொன்றில் அம்முறை தொடங்கியது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் பரோ சாலையில் இதனையொத்த பள்ளியை நடத்தினார். அங்கேயும் கடைநிலைப் பிள்ளைகளுக்கு மணல் பரப்பிய மேசைகள் இருந்தன. இருவரில் யார் முந்தியவர் என்று இங்கிலாந்தே இரு கட்சிகளாகப் பிரிந்து வழக்காடியது. இருவருக்கும் முந்திய திண்ணை ஆசிரியரின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு அவருடைய பிறந்த ஊரில் நிறுவப்பட்ட ‘மெட்ராஸ் கல்லூரி’ என்னும் பள்ளி இன்றும் அப்பெயருடனேயே விளங்குகிறது. நாம் தலைநகரின் பெயரை 1996இல் சென்னை என மாற்றிக்கொண்டோம். ஸ்காட்லாந்துப் பள்ளிக்கூடம் பழைய பெயரை மாற்றவில்லை!

கடல் கடந்து சென்ற முறை அங்கே எவ்வாறாயிற்று என்பதும் எண்ணத்தக்கது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். கட்டளை, மணியோசை, வரிசை. திண்ணையில் அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிகழ்ந்தது, இலண்டனில் ஆலைத்தொழில் போலாயிற்று. மலிவாக நடத்தலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பாகக் கருதப்பட்டது. 1840களில் குறைகள் வெளிப்பட, வேறு முறைகளுக்கு அந்நாட்டார் மாறினர். இதனிடையே அம்முறை லங்காஸ்டரின் பெயரைச் சூடி இந்தியாவின் மிஷனரிப் பள்ளிகளுக்கே திரும்பி வந்தது. நம் வீட்டுப் பெண் சீமை உடையில் திரும்பியபோது நமக்கே அடையாளம் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்தது. தரங்கம்பாடியில் 1713ஆம் ஆண்டளவிலேயே தமிழ் அச்சகம் இயங்கினாலும், சிறுவர் பாடநூல் பெருகியது நெடுங்காலத்திற்குப் பின்னர்தான். 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவிய ஆறுமுக நாவலர், வகுப்புக்கேற்பப் பாலபாடங்களை உரைநடையில் எழுதி அச்சிட்டார். செய்யுளை ஒப்பித்த பிள்ளை உரைநடையைப் படிக்கத் தொடங்கியது பெரும் மாற்றமாகும். அச்சில் புள்ளி நிலைபெற்றது. வீரமாமுனிவர் வகுத்த ஏகார ஓகார வேறுபாடும் நிலைபெற்றது. சொற்கள் பிரிந்து நின்றன. இனி, அறியாத வரியையும் கூட்டிப் படிக்கலாம். பாட்டை முன்னரே நெஞ்சில் ஏற்றவேண்டிய தேவை நீங்கிற்று.

தேவை நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை! என் கருத்தில் நம் தொடக்கக் கல்வியின் நெடுநாள் நோய் இங்கேதான் தொடங்குகிறது. ஓலைக்கு உரிய மனப்பாடத்தை அச்சுநூலின்மேல் ஏற்றினோம். மணலுக்கு உரிய விரற்பயிற்சியைக் கைவிட்டோம். பழைய பள்ளியிடமிருந்து எதனைக் கொள்ளவேண்டுமோ அதனைத் தள்ளி, எதனைத் தள்ளலாமோ அதனைக் கொண்டோம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பாடத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்டு சிரித்துமிருக்கிறோம்.

சிலேட்டைப் பற்றி ஒரு சொல். ஆந்திரத்து மார்க்காப்பூர்ப் பக்கத்துக் கல்லை மரச்சட்டத்தில் அடைத்த சிலேட்டும் பலப்பமும் என் தலைமுறைக்கு உயிர்ப்பொருள்கள். பலகை வெளுத்துவிட்டால் கோவையிலையையும் கரியையும் தேய்த்துக் கருக்குவோம். ஓலைக்கு மையிட்ட அதே கோவையிலை! சிலேட்டு, மணலின் உடன்பிறப்பு. அழிக்கலாம், மீண்டும் எழுதலாம், பிழைக்குத் தண்டனை இல்லை. குறிப்பேடு வந்ததும் பிழை தாளில் தங்கிவிட்டது; சிவப்பு மையும் வந்துசேர்ந்தது.

இப்போது ஆற்றின் முகத்துவாரத்திற்கு வருவோம். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் அங்கே ஆசிரியர்களுக்கான பயிற்சி தொடங்கியது. மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பகைநாட்டுக் குடிமக்கள் என்னும் காரணத்தால் அவர் மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் பணியாற்றினார். அம்மையாரின் கருவிகளுள் புகழ்வாய்ந்தது உப்புத்தாள் எழுத்து. வழவழப்பான அட்டையில் சொரசொரப்பான தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். குழந்தை அதனை இருவிரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். பிறகு தனித்தனி எழுத்துகளை எடுத்து அடுக்கித் தன் மனத்திலுள்ள சொல்லைத் தானே உருவாக்கும். படிப்பதற்கு முன்பே எழுத்துவேலை தொடங்கிவிடும்.

விரல் மீண்டும் மணலைத் தொட்டுவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. மாண்டிசோரி இதனை உரோமாபுரியில் 1907இல் தொடங்கிய தம் குழந்தைகள் இல்லத்திலேயே கண்டறிந்து வகுத்தவர். நம்மிடமிருந்து பெற்றார் என்று உரிமை கொண்டாடுவதற்கில்லை. ஆனால் திண்ணை ஆசிரியர் பட்டறிவால் கைக்கொண்டதை, மருத்துவம் பயின்ற அவர் குழந்தையின் புலன்களை ஆராய்ந்து நிலைநாட்டினார். வருத்தத்திற்குரியது யாதெனில், அடையாற்றுத் தோப்பில் விளைந்த அந்தக் கனி பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கே எட்டியது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் நெடுங்காலம் கருவி என்றால் கரும்பலகை ஒன்றுதான். அது நிற்கும் இடமோ ஆசிரியரின் தோள் உயரம்.

அரசு முயலவில்லை என்று கூறமாட்டேன். 1958இல் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊர்மக்களே தம் பள்ளிக்குக் கரும்பலகையும் நாற்காலியும் படங்களும் வாங்கிக் கொடுத்தனர். காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவ்வியக்கத்தின் உயிர்நாடி. 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாகி, கொம்பும் சுழியுமாக நின்ற சில எழுத்துகள் எளிமையாயின. குழந்தையின் விரலுக்கு அரசு செய்த நேரடி உதவி அது. 1987இல் மைய அரசின் கரும்பலகைத் திட்டம் துணைக்கருவிப் பெட்டிகளை அனுப்பியது. பெட்டி வந்தும், பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தால் பூட்டியே கிடந்த பள்ளிகளும் உண்டு.

பெரிய திருப்பம் 2003இல் நிகழ்ந்தது. சென்னை மாநகராட்சியின் ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், செயல்வழிக் கற்றலை முதலில் 13 பள்ளிகளில் புகுத்தினார். முன்னரே வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, உழைப்பிலிருந்து மீட்கப்பட்ட சிறுவர்களின் பள்ளிகளில் அவர் இதனைச் சோதித்திருந்தார். மூலம், மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி ஊரகக் கல்வி மையம் உருவாக்கிய அட்டைகள். பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, படிக்கொரு அட்டை, அட்டைக்கொரு சின்னம், சுவரில் ஏணிப்படி. குழந்தை தன் படியைத் தானே அறிந்து, தன் அட்டையைத் தானே எடுத்து வரும். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு உதவும். ஆசிரியர் மேசையை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். எல்லாவற்றினும் மேலாக, சுவரின் அடிப்பகுதியில் தரையை ஒட்டிக் கருவண்ணம் பூசி, பிள்ளைக்கொரு கட்டம் ஒதுக்கினர். 2007-08இல் இம்முறை மாநிலம் முழுவதற்கும் விரிந்தது.

பல்நிலைப் பிள்ளைகள், அவரவர் வேகம், சட்டாம்பிள்ளை, தரை, அழித்தெழுதும் பரப்பு: திண்ணைப் பள்ளியின் உறுப்புகள் யாவும் இங்கே இருப்பதை வாசகர் கண்டிருப்பார்கள். இம்முறை ஒரு திருத்தத்தோடு வந்தது. பெண்ணும் ஆணும் எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே பாயில் அமர்ந்தனர். எழுத்தறிமுகத்தில் நெடுங்கணக்கு வரிசையையே பற்றிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை என்பதும் இக்காலத்தில் வலுப்பெற்றது. ட, ப, ம ஆகிய மூன்றையும் புள்ளியையும் அறிந்த குழந்தை படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றே படித்துவிடும். பன்னிரண்டு உயிரெழுத்தையும் ஒப்பித்து முடித்த குழந்தைக்கு, அவற்றை மட்டும் கொண்டு கூட்டிப் படிக்கச் சொற்கள் மிகச் சிலவே.

குறைகளும் எழுந்தன. அட்டைகள் கிழிந்தால் புதியவை வரத் தாமதம். குழந்தை அட்டையை முடித்ததா, கற்றதா என்னும் ஐயம். புத்தகம் இல்லையே எனப் பெற்றோரின் மனக்குறை. மேலிருந்து ஆணையாக வந்ததால், நம்பிக்கையின்றி நடத்திய ஆசிரியர்களும் இருந்தனர். அட்டையையே மனப்பாடம் செய்வித்தவர்களை என்னென்பது! பாடநூல்களும் பருவமுறையும் மாறிமாறி வந்து, அட்டைகள் மெல்லப் பின்வாங்கின. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விளைவை 2022ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு காட்டியது. தமிழகத்து ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்பினருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயன்றவர் 4.8 விழுக்காட்டினரே, 2018இல் அது 10.2 விழுக்காடாக இருந்தது. தொற்று வருமுன்னரும் நிலைமை பெருமைப்படத் தக்கதன்று என்பதையும் இவ்வெண் சேர்த்தே சொல்லுகிறது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 சூனில் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கின. பின்னதில் பிள்ளைகள் வயதால் அன்றி வாசிப்பு நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பட்டனர். பாடநூலின் கட்டக்குறியைக் கைப்பேசியால் படித்தால் படக்காட்சி ஓடும். காட்சி நன்று, ஆனால் கைப்பேசித் திரையில் குழந்தையின் விரல் செய்யும் வேலை, பெரும்பாலும் அடுத்த படத்தைத் தள்ளுவதுதான்.

நம் திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை பெருகிய பின், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றன. வீட்டில் ஒருமொழி, பள்ளியில் தமிழ் என்னும் நிலையில் உள்ள குழந்தைக்கு, ‘அம்மா’ படத்தைக் காட்டி ‘அ’ சொல்லித்தருவதில் ஆசிரியர் இடர்ப்படுவதில்லை. ‘ஆடு’ என்றவுடன் இடர் தொடங்கிவிடுகிறது. அக்குழந்தைக்குத் தமிழ்ச்சொல் முதலில் காதில் விழவேண்டும், வாயில் வரவேண்டும், கையில் தங்கவேண்டும். திண்ணை ஆசிரியர் இந்த மூன்றையும் ஒரு பிடி மணலில் ஒன்றுசேர்த்தார். மணலைக் கண்ட எழும்பூர்ப் பாதிரியாருக்குத் தமிழ் தாய்மொழியன்று என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

செயல்வழிக் கற்றல் காலத்தில் பூசிய தாழ்நிலைக் கரும்பலகைகள் பல தொடக்கப் பள்ளிகளின் சுவர்களில் இன்றும் உள்ளன; கட்டங்களின் கோடுகள் மங்கியிருக்கின்றன. சில இடங்களில் அவற்றின் முன் இருக்கைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இருக்கையை ஓரடி முன்னே நகர்த்தினால், ஆறு வயதுப் பிள்ளை ஒன்று அங்கே சம்மணமிட்டு அமர்ந்து எழுத இடம் கிடைக்கும்.